ஆண்டிலோப் கேன்யன் டிரைபாட் தடை: "ஒரு ஆள் நிற்கும் இடம்" என்னும் புளுகு

கூர்விழி: அமெரிக்காவின் அரிசோனாவில், அப்பர் (மேல்) ஆண்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பிளவில் டிரைபாடை, அதாவது கேமராவைத் தாங்கும் மூன்று கால் தாங்கியை, தடுத்தது அநியாயமாம். "அது ஒரு ஆள் நிற்கும் இடத்தைத்தான் அடைக்கிறது" என்று ஒளிப்பித்தன் நேற்று எழுதியிருக்கிறார். அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினாரா? கேமரா 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால் காலுக்குக் கால் கிட்டத்தட்ட 90 செ.மீ. வரும். அதற்குப் பின்னால் நீங்களும் நிற்க வேண்டும். தோளுரசிக் கடக்கிற சந்தில் இது ஒரு ஆள் இடமா?

ஒளிப்பித்தன்: காலைப் பாதி இழுத்து நடுத்தண்டை ஏற்றினால் 55 செ.மீ. ஒரு ஆள் இடம்தான். டிரைபாடைக் கடையில் மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரியாது.

கூர்விழி: நடுத்தண்டை முழுசாக ஏற்றி, மணல் தரையில் 2 விநாடி ஷட்டரைத் திறந்துவைத்து எக்ஸ்போஷரா? பக்கத்தில் நாலு பேர் நடந்தாலே கால் புதைந்து ஃபிரேம் இறங்கிவிடும். அதைத் தடுக்கக் காலை அகட்டுவீர்கள், மறுபடி 90. சரி, 55 என்றே வைப்போம். பின்னால் நிற்கும் நீங்கள் எங்கே போனீர்கள், ஆவியாகிவிட்டீர்களா?

சுக்கான்: இப்போது டிரைபாட் எதற்குங்க? லென்ஸ் துளை எஃப்/11, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, 2 விநாடி என்பதை ஐஎஸ்ஓ 3200 ஆக்கினால் 1/16 விநாடி போதும். துளையை எஃப்/5.6 வரை திறந்தால் 1/60. ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. பிலிம் அளவு சென்சார்) கேமராவில் 16 மி.மீ. லென்ஸை ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் முக்கால் மீட்டரிலிருந்து கடைசிச் சுவர் வரை கூர்மையாக வரும். கையிலேயே எடுக்கலாம்.

ஒளிப்பித்தன்: நிழல் பகுதியை மென்பொருளில் வெளிச்சமாக்கிப் பாருங்கள், ஐஎஸ்ஓ 3200-இல் சிவப்புச் சுவர் முழுக்க நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான பிசிறு) கொப்பளிக்கும். மேலிருந்து விழும் ஒளிக்கற்றை வெளுக்காமல் இருக்க 2 ஸ்டாப் (ஒளியை நாலில் ஒரு பங்காக) குறைத்து ஒன்று, சுவருக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என மூன்று ஃபிரேம் வேண்டும். கையில் பிடித்தால் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது.

சுக்கான்: மென்பொருளே பொருத்தித் தருகிறது. அந்த மூன்று ஃபிரேமுக்குள் கற்றை கண்ணுக்குத் தெரிய கைடு அள்ளி வீசிய மணல் அலைந்து கற்றையின் வடிவமே மாறிவிடும். அதற்கு உங்கள் டிரைபாட் என்ன செய்யும்?

பழையநெகட்டிவ்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். "முக்காலி" என்று அழகான தமிழ்ச்சொல் இருக்க, டிரைபாட் எதற்கு?

கூர்விழி: முக்காலியில் உட்காருவோம் ஐயா, கேமராவை மாட்ட மாட்டோம்.

பழையநெகட்டிவ்: "அபெர்ச்சர்" (லென்ஸ் துளை) என்ற சொல்லைப் பற்றிய பழைய விவாத இழையிலும் இதே நக்கல்தான் அடித்தீர்கள். மறக்கவில்லை.

வெளிச்சக்கீற்று: எல்லாம் பணத்துக்காக. 2019 முடிவில், டிரைபாடோடு போக விட்ட போட்டோ டூரையே நிறுத்திவிட்டு, சாதா டூரில் கூட்டத்தை அடைக்கிறார்கள். பொது நிலத்தில் படமெடுக்க வரும் ஆறு பேருக்குக் குறைவான குழுவிடம், நிபந்தனைகளை மீறாதவரை, அனுமதியோ கட்டணமோ கேட்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் அமெரிக்காவில் சட்டமே வந்துவிட்டதே!

கூர்விழி: அது தேசியப் பூங்கா போன்ற கூட்டாட்சி அரசு நிலங்களுக்கு. ஆண்டிலோப் நவஹோ மக்களின் பழங்குடிப் பூங்கா, அனுமதி பெற்ற கைடு இல்லாமல் உள்ளேயே போக முடியாது. கைடு கட்டாயம் என்பது வேடிக்கைக்கு அல்ல. 1997 ஆகஸ்ட் 12 அன்று, வேறெங்கோ பெய்த மழையின் திடீர் வெள்ளம் லோயர் (கீழ்) ஆண்டிலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகளைக் கொன்றது. அப்படிப்பட்ட சந்தில் 90 செ.மீ. காலை விரித்து வழி மறிப்பீர்களா?

ஒளிப்பித்தன்: வெள்ளத்தையும் டிரைபாட் தலையில் கட்டுங்கள்! மோனோபாடுக்கும் தடை இருக்கிறதே, ஒற்றைக் கால் எத்தனை செ.மீ. விரியும்? சொல்லுங்கள் பார்ப்போம்.

கூர்விழி: பேச்சை மாற்ற வேண்டாம். போட்டோ டூர் இருந்த காலத்தில் உங்கள் காலி ஃபிரேமுக்காக கைடு சாதாக் கூட்டத்தை நிறுத்திவைப்பார். அந்த நேரத்தில் நீங்கள் அடைத்தது ஒரு ஆள் இடமா, மொத்தச் சந்துமா?

ஒளிப்பித்தன்: நிறுத்தியது கைடு. டிரைபாட் அடைத்தது ஒரு ஆள் இடம்தான்.

சுக்கான்: ஐஎஸ்ஓ 3200 பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே?

கூர்விழி: முதலில் 90-க்குப் பதில் வரட்டும்.

ஒளிப்பித்தன்: 55.