சைக்காலஜி டிரான்ஸ்ஃபர்: ஸ்டாட்ஸைக் கடைசி செமஸ்டருக்குத் தள்ளலாமாம்!

தஞ்சாவூரான்_94:

நம்ம பே ஏரியா பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கூல்_கணேஷ் சார் நேற்று ஓர் அருள்வாக்கு சொல்லியிருக்கிறார். பார்க்காதவர்களுக்காக அப்படியே போடுகிறேன் (கம்யூனிட்டி காலேஜ் என்பது இரண்டு வருஷக் கல்லூரி, அங்கிருந்து யூசி எனும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறுவதுதான் டிரான்ஸ்ஃபர், யூனிட் என்பது கோர்ஸின் கிரெடிட் அளவு):

"கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்கு சைக்காலஜி போக நினைக்கும் பிள்ளைகள் முதல் வருஷம் ஈஸியான கோர்ஸ்களை எடுத்து ஜிபிஏவை ஏற்றிக்கொள்ளட்டும். ஸ்டாட்டிஸ்டிக்ஸைக் கடைசி ஸ்பிரிங்குக்குத் தள்ளிவிடலாம். 60 யூனிட் சேர்ந்தால் போதும்."

கீழே வரிசையாகக் கட்டைவிரல், கைகூப்பு. ஒருத்தர் "குருவே சரணம்" என்று வேறு.

அய்யா, ரிசர்ச் மெத்தட்ஸ் கோர்ஸுக்கு இன்ட்ரோ சைக்காலஜியும் ஸ்டாட்ஸும் முன்தேவை. ஸ்டாட்ஸைக் கடைசி ஸ்பிரிங்கில் வைத்தால் ரிசர்ச் மெத்தட்ஸை எப்போது எடுப்பது, பட்டமளிப்பு விழா முடிந்த பிறகா? சைக்காலஜி ஏஏ-டி (கம்யூனிட்டி காலேஜ் தரும், டிரான்ஸ்ஃபருக்கான பட்டம்) பட்டத்தின் மையமே இந்த மூன்றும்தான். முதல் செமஸ்டரிலேயே இன்ட்ரோவும் ஸ்டாட்ஸும். அடுத்து ரிசர்ச் மெத்தட்ஸ், பயலாஜிக்கல் சைக்காலஜி. ஜெனரல் எஜுகேஷன் கோர்ஸ்களை இடையிடையே செருகிக்கொள்ளலாம். தெரியாத விஷயத்தில் ஊருக்கு உபதேசம் எதற்கு?

கூல்_கணேஷ்:

வாட்ஸ்அப்பில் பேசியதை இங்கே தூக்கிக்கொண்டு வந்து பஞ்சாயத்து வைப்பது என்ன பழக்கம் என்று தெரியவில்லை. சரி, வந்தாச்சு.

என் மூத்தவன் ஸ்டாட்ஸைக் கடைசி ஸ்பிரிங்கில்தான் எடுத்தான். யூசிஎல்ஏவில் (யூசியின் லாஸ் ஏஞ்சலஸ் கேம்பஸ்) சைக்காலஜி கிடைத்தது, முடித்தும் விட்டான். உங்கள் பெண் யூசி டேவிஸ், இல்லையா? வாழ்த்துகள்.

தஞ்சாவூரான்_94:

டேவிஸுக்கு என்ன குறைச்சல்? அதை முதலில் சொல்லுங்கள்.

கூல்_கணேஷ்:

குறைச்சல் என்று நான் சொல்லவே இல்லையே. வாழ்த்துகள் என்றுதான் சொன்னேன்.

டப்ளின்_அம்மா:

வணக்கம். என் பையன் லாஸ் பொசிட்டாஸ் கம்யூனிட்டி காலேஜில் முதல் வருஷம். இன்ட்ரோ சைக்காலஜி முடித்துவிட்டான். ஸ்டாட்ஸ் இன்னும் எடுக்கவில்லை. கணக்கு என்றால் கொஞ்சம் பயம். சம்மரில் எடுக்கலாமா, இல்லை அடுத்த ஃபாலில் எடுக்கட்டுமா? தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சங்கரி_சாண்டாக்ரூஸ்:

அக்கா, நான் போன வருஷம்தான் டிரான்ஸ்ஃபர் ஆனேன். முதலில் அசிஸ்ட் டாட் ஆர்க் தளத்துக்குப் போங்க. பையனோட காலேஜ், அவன் போக நினைக்கும் கேம்பஸ், மேஜர் மூணையும் தேர்ந்தெடுத்தால் ஒரு பட்டியல் வரும். இடது பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் கோர்ஸ், வலது பக்கம் உங்க காலேஜில் அதற்கு இணையான கோர்ஸ். சில வரிகளில் வலது பக்கம் இணையான கோர்ஸே இல்லை என்று இருக்கும், அந்த இடத்தை மட்டும் கவுன்சிலரிடம் கேளுங்க. பக்கத்துக் காலேஜில் அந்த ஒரு கோர்ஸை எடுத்துக்கொள்ள வழி இருக்கலாம். அந்தப் பட்டியல் எந்த வருஷத்து ஒப்பந்தம் என்பதையும் பாருங்க, வருஷா வருஷம் மாறும்.

ரெண்டு பேரும் எந்த கேம்பஸ், பிஏவா பிஎஸ்ஸா என்றே சொல்லாமல் சண்டை போடுறீங்க. சைக்காலஜி என்ற ஒரே பெயரில் எல்லா இடத்திலும் ஒரே பட்டியல் கிடையாது. யூசிஎல்ஏவில் சைக்காலஜி வேறு, சைக்கோபயாலஜி வேறு. பின்னதுக்கு கால்குலஸ், கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் எல்லாம் வேணும்.

தஞ்சாவூரான்_94:

தங்கச்சி சொல்வது சரி, ஆனால் என் கேள்வி அது இல்லை. எந்த கேம்பஸாக இருந்தாலும் ஸ்டாட்ஸைக் கடைசி ஸ்பிரிங்கில் வைக்கலாமா, கூடாதா? கூடாது. அவ்வளவுதான்.

கூல்_கணேஷ்:

யூசி விதியையாவது படித்திருக்கிறீர்களா? ஏழு கோர்ஸ் கேட்கிறார்கள். ஆங்கிலம் 2, கணக்கு 1, மிச்சம் நாலு மற்ற துறைகளில். ஃபாலில் சேர்வதற்கு முந்தைய ஸ்பிரிங் முடிவதற்குள் இவை முடிந்திருக்க வேண்டும். ஸ்பிரிங் முடிவதற்குள்! அதாவது கடைசி ஸ்பிரிங்கில் எடுக்கலாம். விதியே சொல்கிறது. நான் சொல்லவில்லை.

தஞ்சாவூரான்_94:

விதி சொல்லும். சேர்க்கைக்குப் படித்துப் பார்ப்பவர் என்ன பார்ப்பார்? விண்ணப்பம் போடுவது அக்டோபர், நவம்பரில். ஜனவரியில் ஃபால் மதிப்பெண்ணைப் புதுப்பித்து அனுப்புகிறோம். முடிவு வருவது மார்ச், ஏப்ரலில். ஸ்பிரிங்கில் எடுத்த ஸ்டாட்ஸுக்கு அதுவரை மதிப்பெண்ணே கிடையாது. "எடுத்துக்கொண்டிருக்கிறான்" என்று ஒரு வரி மட்டும் இருக்கும். சைக்காலஜிக்கு விண்ணப்பிக்கிற பிள்ளையின் பட்டியலில் ஒரு கணக்கு மதிப்பெண் கூட இல்லை! இலை போடாமல் சாம்பார் ஊற்றுகிற கதைதான் இது.

அந்த ஸ்பிரிங்கில் பாஸாகாவிட்டால் கிடைத்த இடமே போய்விடும். சம்மரில் எடுத்து ஒட்டவைக்க முடியாது. ஸ்பிரிங்தான் கடைசிக் கோடு.

கூல்_கணேஷ்:

என் பையனுக்கு எதுவும் போகவில்லையே. 3.9 ஜிபிஏ வைத்திருந்தான்.

குவார்ட்டர்_குமார்:

எல்லாரும் செமஸ்டர் செமஸ்டர் என்கிறீர்கள். டி அன்சா, ஃபுட்ஹில் காலேஜ்கள் எல்லாம் குவார்ட்டர் முறை. எங்களுக்கு 60 இல்லை, 90 யூனிட். வருஷத்துக்கு ஃபால், வின்டர், ஸ்பிரிங் என்று மூன்று. வின்டரில் ஸ்டாட்ஸ், ஸ்பிரிங்கில் ரிசர்ச் மெத்தட்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். கணேஷ் சார் சொன்ன 60 தவறு.

கூல்_கணேஷ்:

60 செமஸ்டர் யூனிட் என்பது 90 குவார்ட்டர் யூனிட்டேதான். இதில் என்ன தவறு? மூன்றால் பெருக்கி இரண்டால் வகுக்கத் தெரியாதா?

குவார்ட்டர்_குமார்:

செமஸ்டர் என்ற சொல்லை நீங்கள் போடவில்லை. டி அன்சா பிள்ளை ஒருத்தன் அதைப் படித்து 60 குவார்ட்டர் யூனிட்டோடு நிறுத்தினால் 40 செமஸ்டர் யூனிட்தான் ஆகும். போன வருஷம் பொங்கல் பாட்லக் விருந்துக் கணக்கிலும் இப்படித்தான் அரைகுறையாகச் சொன்னீர்கள்.

கூல்_கணேஷ்:

பாட்லக் கணக்கை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? ரசீது எல்லாம் அனுப்பியாச்சு.

குவார்ட்டர்_குமார்:

வடைக்கு ரசீது வரவில்லை.

தஞ்சாவூரான்_94:

வடையை விடுங்கள். கணேஷ் சார், உங்கள் மூத்தவர் டிரான்ஸ்ஃபர் ஆனது எந்த வருஷம்?

கூல்_கணேஷ்:

2015. அதனால் என்ன?

தஞ்சாவூரான்_94:

இதைத்தான் எதிர்பார்த்தேன்.

சங்கரி_சாண்டாக்ரூஸ்:

அங்கிள், அந்தக் காலத்தில் பிளேஸ்மென்ட் டெஸ்டில் குறைந்தால் அல்ஜீப்ரா கோர்ஸ்களை வரிசையாக முடித்துவிட்டுத்தான் ஸ்டாட்ஸுக்கு வர முடியும். அதனால் பலருக்கு ஸ்டாட்ஸ் தானாகவே கடைசிக்குப் போனது. 2017-இல் ஏபி 705 சட்டம் வந்து அதை மாற்றியது. இப்போ பெரும்பாலான பிள்ளைகள் முதல் செமஸ்டரிலேயே நேராக ஸ்டாட்ஸ் எடுக்கலாம், தேவைப்பட்டால் கூடவே ஒரு துணை வகுப்பும் தருவாங்க.

தஞ்சாவூரான்_94:

கேட்டீர்களா? அப்போது தள்ளவேண்டிய கட்டாயம், தள்ளினார். அதை 10 வருஷம் கழித்து உத்தியாக விற்கிறீர்கள்.

கூல்_கணேஷ்:

என் பையனுக்குக் கணக்கு வராது என்கிறீர்களா? அவன் ஹைஸ்கூலிலேயே கால்குலஸ் முடித்தவன். ஸ்டாட்ஸைக் கடைசியில் எடுத்தது அவன் விருப்பம். யூசிஎல்ஏ கிடைத்தது. கிடைத்ததா இல்லையா?

தஞ்சாவூரான்_94:

ஹைஸ்கூலில் கால்குலஸ் முடித்தவரை வைத்து, கணக்கைக் கண்டு பயப்படுகிற பிள்ளைகளுக்கு "கடைசிக்குத் தள்ளு" என்று சொன்னீர்களா? பிரமாதம்.

நெல்லை_மாமா:

இவ்வளவு சண்டை போட்டு சைக்காலஜி பிஏ வாங்கி என்ன செய்வதாக உத்தேசம்? கலிஃபோர்னியாவில் சைக்காலஜிஸ்ட் லைசென்ஸுக்கு டாக்டரேட்டும் 3,000 மணி நேர மேற்பார்வை அனுபவமும் கேட்கிறார்கள். என் தம்பி மகன் நேராக கம்ப்யூட்டர் சயின்ஸ் போனான்.

சங்கரி_சாண்டாக்ரூஸ்:

மாமா, அந்த நேராகப் போனவர் இப்போ வேலையில் இருக்காரா?

நெல்லை_மாமா:

அது வேறு விஷயம். சந்தை சரியில்லை.

தஞ்சாவூரான்_94:

மாமா, இது ஸ்டாட்ஸ் இழை. அதே ஸ்டாட்ஸும் ரிசர்ச் மெத்தட்ஸும் நன்றாகப் படித்த சைக்காலஜி பிள்ளைகள் யூஎக்ஸ் ரிசர்ச் (பயனர் அனுபவ ஆய்வு), டேட்டா வேலைக்குப் போகிறார்கள். என் டீமிலேயே இருக்கிறார்கள். பட்டம் என்ன என்பதை விட ஸ்டாட்ஸ் எப்போது எடுத்தார்கள் என்பதுதான் முக்கியம்.

கூல்_கணேஷ்:

வேலைக்கு எடுக்கும்போது "ஸ்டாட்ஸ் எந்த செமஸ்டரில் எடுத்தாய்" என்று கேட்பீர்களோ!

தஞ்சாவூரான்_94:

கேட்டால் என்ன தப்பு?

டப்ளின்_அம்மா:

மன்னிக்கவும், என் கேள்வி அப்படியே இருக்கிறது. சம்மரா, ஃபாலா? அப்புறம் இன்னொன்று. ஏஏ-டி வாங்கினால் எங்கே வேண்டுமானாலும் இடம் உறுதி என்று எங்கள் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பெர்க்லிக்கும் அது செல்லுமா?

சங்கரி_சாண்டாக்ரூஸ்:

ஏஏ-டி உறுதி சிஎஸ்யூ (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) அமைப்புக்குத்தான் அக்கா. அதிலும் குறிப்பிட்ட கேம்பஸ் உறுதி இல்லை. ஈஸ்ட் பே கிடைக்கலாம், நீங்க ஆசைப்பட்ட சான் ஹோசே கிடைக்காமல் போகலாம். யூசிக்கு டேக் என்று தனி இட உறுதித் திட்டம். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆறிலும் இருக்கு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோவில் கிடையாது. ஆறில் ஒன்றுக்குத்தான் போடலாம், செப்டம்பர் மாசத்துக்குள். ஒவ்வொரு கேம்பஸும் வேறு ஜிபிஏ, வேறு நிபந்தனை வைக்கும். அடிப்படைத் தகுதி 2.4 என்று இருக்கிறதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது கதவைத் தட்டுவதற்கு மட்டும்தான்.

ஜெனரல் எஜுகேஷனுக்கு 2025 ஃபாலில் இருந்து கால்-கெட்சி என்ற புதுப் பட்டியல். 11 கோர்ஸ், 34 யூனிட். பழைய ஐகெட்சி பட்டியலை யாராவது அனுப்பினால் தேதியைப் பாருங்க. கோர்ஸ் எண்களும் மாறிவிட்டன. இன்ட்ரோ சைக்காலஜி இப்போ எல்லா காலேஜிலும் சைக் சி1000, ஸ்டாட்ஸ் ஸ்டாட் சி1000.

குவார்ட்டர்_குமார்:

34 செமஸ்டர் யூனிட் என்று போடுங்கள்.

கூல்_கணேஷ்:

டேக் ஆறு கேம்பஸில் டேவிஸும் இருக்கிறதாமே. ஓஹோ. உறுதிச் சீட்டோடு உள்ளே போனவர்கள்தான் இங்கே எங்களுக்கு வகுப்பெடுக்கிறார்களா?

தஞ்சாவூரான்_94:

ஆமாம், டேக் வழியாகத்தான் போனாள். முதல் செமஸ்டரில் ஸ்டாட்ஸ் முடித்ததால் செப்டம்பரில் போடும்போது அவள் கையில் மதிப்பெண் இருந்தது. உங்கள் முறையில் போனால் செப்டம்பரில் கையில் என்ன இருக்கும்? பூஜ்ஜியம். இதைத்தான் நான் முதல் பதிவிலிருந்து சொல்கிறேன்.

கூல்_கணேஷ்:

முதல் பதிவில் ரிசர்ச் மெத்தட்ஸ் என்றீர்கள். அப்புறம் ஜனவரி என்றீர்கள். இப்போது செப்டம்பர். தேதி மட்டும் நகர்ந்துகொண்டே போகிறது.

தஞ்சாவூரான்_94:

எல்லாத் தேதியிலும் பதில் ஒன்றுதான். ஸ்டாட்ஸ் முதலில்.

நெறியாளர்:

பாட்லக் பற்றி மேலும் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பிள்ளைகளின் கல்லூரியை வைத்துக் குத்துவதை நிறுத்துங்கள்.

குவார்ட்டர்_குமார்:

கேட்டவரின் பதிவை நீக்கிவிட்டீர்கள். வடைக்கணக்கை மறைத்தவருக்கு ஒன்றுமில்லை. நல்ல நியாயம்.

கூல்_கணேஷ்:

டப்ளின் மேடம், என் அனுபவத்தில் சொல்கிறேன். பயப்படுகிற பிள்ளையை சம்மரில் ஸ்டாட்ஸில் தள்ளாதீர்கள். செமஸ்டர் முழுக்கப் படிக்கவேண்டியதை ஆறு எட்டு வாரத்தில் அடைப்பார்கள். சி வாங்கினால் ஜிபிஏ போச்சு. நிதானமாகக் கடைசி ஸ்பிரிங்கில் எடுக்கட்டும். விதியிலேயே இடமிருக்கிறது.

தஞ்சாவூரான்_94:

மேடம், தயவுசெய்து கேட்காதீர்கள். சம்மரில் முடித்தால் ஃபாலில் ரிசர்ச் மெத்தட்ஸ், விண்ணப்பத்தில் கணக்கு மதிப்பெண், எல்லாம் சரியாக அமையும். பயமாக இருந்தால் சம்மரில் அதை மட்டும் எடுக்கட்டும், கூட வேறெதுவும் வேண்டாம். பாஸ்/நோ பாஸாகவும் (மதிப்பெண் இல்லாமல் தேர்ச்சி மட்டும்) எடுக்க வேண்டாம், மேஜருக்கான கோர்ஸை அப்படி எடுத்தால் நன்றாக இருக்காது. கணேஷ் சார் பேச்சைக் கேட்டால் உங்கள் பையன் கடைசி ஸ்பிரிங்கில்தான் முதன்முதலாக ஸ்டாண்டர்ட் டீவியேஷனைப் பார்ப்பான்.

கூல்_கணேஷ்:

யூசிஎல்ஏ.

தஞ்சாவூரான்_94:

2015.

டப்ளின்_அம்மா:

சங்கரி, உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன் ம்மா.

நெல்லை_மாமா:

அந்தத் தனிச்செய்தியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

தஞ்சாவூரான்_94:

மாமா, கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றாலும் ஸ்டாட்ஸ் முதலில்தான். கணேஷ் சார், வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது. இப்போது கட்டைவிரல் இன்னும் கூடியிருக்கிறது. எப்போது எடுப்பதாக உத்தேசம்?

கூல்_கணேஷ்:

கடைசி ஸ்பிரிங்கில்.