மறுமொழி: 'நிலமீட்பு' வேண்டாம், வேறு சொல் உண்டா?

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பீடோங்கில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான குறிப்புத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஜப்பானின் ஒசாகா விரிகுடாவில், கடலுக்குள் எழுப்பிய செயற்கைத் தீவில் உள்ள கன்சாய் விமான நிலையம்தான் பாடம். படமெல்லாம் தயார், கடலில் மண் கொட்டி நிலமாக்குவதைச் சொல்லும் தலைப்புச் சொல்தான் இழுக்கிறது. நான் முன்வைத்தது 'கடல் தூர்ப்பு'; உங்கள் மறுப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில்.

> நிலமீட்பு என்றே போடுங்கள் அக்கா. பழகிய சொல்.

தம்பி, நம் கையைவிட்டுப் போனதைத்தான் மீட்போம், அடகு நகை மாதிரி. அங்கே இருந்தது வெறும் கடல். 1987இல் வேலை தொடங்கி, மலையை வெட்டி மண் கொண்டுவந்து கொட்டி, 1994 செப்டம்பர் 4இல் திறந்தார்கள். எதை மீட்டார்கள்?

> தீவு வடசொல். 'துருத்தி' இருக்கக் கடன் எதற்கு? திருப்பூந்துருத்தி என்ற ஊர்ப்பெயரைப் பாருங்கள்.

ஐயா, ஆற்றின் நடுவே உள்ள திட்டான ஆற்றிடைக்குறையைத் துருத்தி என்றதும், மலையாளத்தில் துருத்து இன்றும் வழங்குவதும் படிக்க இனித்தது. 'தீர்வு' என்பதே தீவு ஆனது என்பாரும் உண்டு. அதை இன்னொரு நாள் பேசுவோம். ஆனால் துருத்தி, ஆறு தானாகச் சேர்த்த மேடு. இது ஆள் வைத்துக் கொட்டியது. என் பிள்ளைகளுக்குக் கொல்லன் துருத்தியே தெரியாது.

'கடல் தூர்ப்பு' என்று நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் உண்டு. இங்கே தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் இருந்த குட்டையைத் தூர்த்துத் திடல் ஆக்கினார்கள். லோரி லோரியாக மண் கொட்டி மட்டமாக்கியும், அடுத்த மழைக்குக் கோல் கம்பம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பிள்ளைகள் பார்த்தார்கள். கன்சாயிலும் அதே கதை: கடலடிக் களிமண்ணிலிருந்து நீரை வெளியேற்ற ஏறத்தாழ 10 இலட்சம் மணல் தூண்களை இறக்கியும், முதல் தீவு 10 மீட்டருக்கு மேல் அமிழ்ந்துவிட்டது. கட்டடத் தூண்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் இரும்புத் தகடு செருகுகிறார்கள். தூர்த்த மண் அமுங்கும் என்பது இவர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

> 'தூர் வாருதல்' என்றால் அள்ளுவது அல்லவா? குழப்பம் வரும்.

அள்ளுவது 'வாருதல்', அக்கா. தூர், அடியில் சேர்ந்து நிரப்புவது. தூர்ந்த கிணறு என்கிறோமே.

சரி, நான்கு பேர் 'கடல் தூர்ப்பு' பக்கம். ஐயா துருத்தியை விடவில்லை, தம்பியும் இறங்கி வரவில்லை. தூர்ப்பு என்றே அச்சிடுகிறேன். சொற்பட்டியலில் அதே பொருள் தரும் மலாய்த் 'தம்பாக்' பக்கத்தில் இருக்கும்.

அப்புறம், அந்த மண் இறங்குவதற்கு 'அமிழ்வா', 'அமுங்கலா'? வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள்.