சோக் போட்டால்தான் ஓடுகிறது, உதவுங்கள்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர். குளிர்காலம் முழுக்க, நான்கு மாதம், அசையாமல் நின்றது. பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, லிட்டருக்கு 20 மில்லி டூடி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) கலந்து ஊற்றினேன். பிளக்கும் புதுசு. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் பிசின் மாதிரி படிந்திருந்தது. பைலட் ஜெட்டை (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சிறு துளைக் குழாய்) வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டையே தெரியவில்லை. காற்றடித்துச் சுத்தம் செய்தேன்.

இப்போது மூன்றாவது உதையில் பிடிக்கிறது. ஆனால் சோக்கை (கலவையில் பெட்ரோலைக் கூட்டித் தரும் விசை) எடுத்து ஆக்ஸிலேட்டரைத் திருகினால் அடங்கிவிடுகிறது. பிளக்கும் வெளிறிப்போய் இருக்கிறது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றுதான் தோன்றுகிறது. ஜெட்டில் இன்னும் அடைப்பா, கேஸ்கெட் (இணைப்புகளுக்கு நடுவே வைக்கும் அட்டை) வழியாகக் காற்று இழுக்கிறதா, கிராங்க் ஆயில் சீல் (எஞ்சின் தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) காய்ந்துவிட்டதா? சீல் என்றால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும், அதுதான் பயம். பிரிக்காமலே கண்டுபிடிக்க வழி உண்டா? இப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஜாம் ஆகிவிடும் என்பதால் வண்டியை எடுக்கவில்லை.