கதவு நிலைக்கு மலேசியா மரம் போடலாமா?

கோட்டையூரான்: பின்கட்டு நிலையின் அடிப்பாகம் மழைத்தண்ணீர் இறங்கி இற்றுப்போய்விட்டது. மரக்கடையில் "மலேசியா மரம் போடுங்கள், பர்மா தேக்குக்குக் குறைந்ததில்லை" என்கிறார்கள். நம்பலாமா?

பர்மா வீடு: வேண்டாம் தம்பி. நம் ஊர்த் தூண்கள் நூறு வருடமாக நிற்பது சும்மா இல்லை. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, கரையான் லேசில் அண்டாது. அந்தக் காலத்தில் பர்மாவில் மரத்தின் அடியைச் சுற்றிச் செதுக்கிவிட்டு இரண்டு மூன்று வருடம் நின்றபடியே காயவிடுவார்கள், பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது என்பதால். அப்புறம்தான் யானை இழுத்து வந்து ஐராவதி ஆற்றுப் பக்கம் தள்ளும். அப்படிக் காய்ந்த மரம் கோணுமா? மலேசியா மரம் மழைக்காட்டில் பஞ்சாக வளர்ந்தது.

ஆசாரி மகன்: பஞ்சா! அண்ணே, அங்கே 'செங்கல்' என்றே ஒரு மரம் இருக்கிறது, சூளைச் செங்கல் இல்லை, மலாய்ப் பெயரே அதுதான். தேக்கு ஒரு கன மீட்டர் 650 கிலோ சுமாருக்கு வந்தால் அது 900-ஐத் தாண்டும். மலேசியாவின் திரங்கானுவில் கடலுக்குப் போகும் படகையே அதில்தான் கட்டினார்கள். நம் மேற்குத்தொடர்ச்சி மலைக் கோங்கும் அதே குடும்பம். கோங்கு நிலையைப் பஞ்சு என்பீர்களா?

பர்மா வீடு: கதை வேண்டாம். நானே 'மலேசியா சால்' என்று வாங்கி ஜன்னல் செய்தேன், இரண்டு கோடையில் சட்டம் வெடித்து, கதவு சாத்த முடியவில்லை.

ஆசாரி மகன்: ஈரம் காயாத மரத்தை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதைவிட, மலேசியா மரம் என்று ஒரு மரமே கிடையாது. அங்கிருந்து வரும் மரங்களில் மெரந்தியும் பாலாவும் நெருங்கிய சொந்தம்தான், ஆனால் சிவப்பு மெரந்தி லேசு, பிளைவுட்டுக்குப் போகும். பாலாவில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். மெர்பாவ் என்ற மரம் வேறு குடும்பம், நனைந்தால் சாயம் விடும். பெயரைச் சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.

வளவு ஆச்சி: இந்தப் பர்மா தேக்கு எங்கே கிடைக்கிறதாம்? 2014 ஏப்ரலிலேயே மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. கடைகளில் தேக்கு என்று கிடைப்பதில் நிறைய ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டம் போட்டு வளர்த்தது. அசல் வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் பழைய நிலை தேடலாம். அது எந்த வளவு வீட்டை இடித்து வந்தது என்று மட்டும் கேட்காதே, மனசு தாங்காது.

பர்மா வீடு: ஆச்சி சொல்வது சரி. பழைய தேக்கு கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

கோட்டையூரான்: கடைக்காரர் கொடுத்த சாம்பிள் துண்டை ராத்திரி தண்ணீரில் போட்டு வைத்தேன். காலையில் டிகாஷன் மாதிரி நிற்கிறது!

ஆசாரி மகன்: துண்டைப் பிளந்து பாருங்கள், துளைகளுக்குள் மஞ்சள் பொடி இருக்கும்.

கோட்டையூரான்: இருக்கிறது. அங்கங்கே மஞ்சள் கோடு மாதிரி.

ஆசாரி மகன்: அப்படியானால் மெர்பாவ். உறுதியான மரம், நிலைக்கு ஆகும். ஆனால் சாரல் படும் இடம் என்றால் மரத்துக்குப் பூச்சு பூசுவதற்கு முன்னால் நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள், இல்லையென்றால் சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடித் தரைக் கல்லும் செம்பழுப்பாகிவிடும்.