தமிழ்99, ஆங்கிலம் இரண்டுக்கும் பிளவு கீபோர்டு: தளவமைப்பை எப்படி முடிவு செய்வது?

கேள்வி

பகலில் ஆங்கிலத்தில் நிரல் எழுதுகிறேன். மாலையில் தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் கட்டுரைகள் தட்டச்சு செய்கிறேன். சில காலமாக வலது சுண்டுவிரலும் மணிக்கட்டின் வெளிப்பக்கமும் வலிக்கின்றன. இப்போதிருப்பது 104 விசைகள் கொண்ட முழு அளவு மெக்கானிக்கல் கீபோர்டு. அதை விட்டு, 42 விசைகள் மட்டுமே உள்ள கோர்ன் என்ற இரு துண்டு கீபோர்டுக்கு மாறி, ஆங்கில எழுத்துகளையும் வழக்கமான குவெர்ட்டி வரிசையிலிருந்து கோல்மாக் என்ற மாற்று வரிசைக்கு மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்தே செய்யலாமா? தமிழ்த் தட்டச்சு இதனால் கெடுமா?

முதல் பதில்

சேர்த்துச் செய்யாதீர்கள். நீங்கள் சொல்லும் வலிக்கு எழுத்துகளின் வரிசையைவிடக் கைகள் இருக்கும் நிலையே பெரிய காரணமாக இருக்கக்கூடும். ஒரே துண்டான கீபோர்டில் இரு கைகளும் நடுவில் நெருங்குவதால் மணிக்கட்டுகள் வெளிப்பக்கமாக வளைகின்றன. எண் பகுதி மவுஸையும் வலப்புறம் தள்ளிவிடுகிறது. போதாததற்கு பேக்ஸ்பேஸ், என்டர், வலது ஷிஃப்ட், அடைப்புக்குறிகள் எல்லாமே வலது சுண்டுவிரலின் தலையில் விழுகின்றன. துண்டுகளைத் தோள் அகலத்துக்குப் பிரித்து வைத்து, பேக்ஸ்பேஸையும் என்டரையும் கட்டைவிரல்களுக்குக் கொடுத்தாலே அந்தச் சுமை பெருமளவு குறையும். அதுவரை, இப்போதுள்ள கீபோர்டிலேயே கேப்ஸ்லாக்கை பேக்ஸ்பேஸாக மாற்றிப் பாருங்கள். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கோல்மாக் 2006இல் வெளிவந்தது. குவெர்ட்டியிலிருந்து 17 விசைகளை மட்டுமே மாற்றுகிறது. இசட், எக்ஸ், சி, வி ஆகியவை பழைய இடத்திலேயே இருப்பதால் நகலெடுத்து ஒட்டும் பழக்கம் கெடாது. நல்ல தளவமைப்புதான். ஆனால் அதைக் கீபோர்டின் ஃபர்ம்வேரில் (கீபோர்டுக்குள்ளேயே இயங்கும் மென்பொருளில்) வைப்பதா, இயங்குதளத்தில் வைப்பதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தமிழ்99 இயங்குதளத்தில் இருக்கிறது. கீபோர்டு ‘கே’ என்று அனுப்பினால் அது ‘ம’ என்று எழுதும். ஃபர்ம்வேரில் கோல்மாக்கை வைத்துவிட்டால், அதே இடத்திலுள்ள விசை ‘இ’ என்ற ஆங்கில எழுத்தை அனுப்பும். ‘ம’ வர வேண்டிய இடத்தில் ‘ஊ’ வந்து நிற்கும். எனவே ஃபர்ம்வேரைக் குவெர்ட்டியாகவே விட்டுவிட்டு, இயங்குதளத்தில் கோல்மாக், தமிழ்99 என இரண்டு உள்ளீட்டு முறைகளை வைத்துக்கொள்வதே எளிது. வேறு கணினிகளிலும் கோல்மாக் வேண்டுமென்றால், ஃபர்ம்வேரில் குவெர்ட்டி, கோல்மாக் என இரண்டு அடிப்படை லேயர்கள் (எந்த விசை எதை அனுப்பும் என்ற தனித்தனி அடுக்குகள்) வைத்து, தமிழுக்குப் போகும்போது முதலாவதற்கு மாற வேண்டியிருக்கும்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் 42 விசைகளில் தமிழுக்கு வரும் சிக்கல் ஒன்று விடுபட்டுவிட்டது. தமிழ்99இல் ‘ச’, ‘ஞ’ இரண்டும் ‘பி’ விசைக்கு வலப்புறமுள்ள அடைப்புக்குறி விசைகளில் இருக்கின்றன. கோர்னின் முதல் லேயரில் அந்த இரண்டு விசைகளுமே இல்லை. ‘ச’ எழுத ஒவ்வொரு முறையும் லேயர் மாற்றுவது நடைமுறைக்கு ஒத்துவராது. பேக்ஸ்பேஸைக் கட்டைவிரலுக்கு நகர்த்தியதும் வலது மேல் மூலை காலியாகும். ‘ச’வை அங்கே வையுங்கள். முழு அளவு கீபோர்டிலும் அது ‘பி’க்கு அடுத்துத்தான் இருக்கிறது என்பதால் விரல் புதிதாக எதையும் கற்க வேண்டாம். ‘ஞ’வுக்கு, ‘பி’யையும் அந்த மூலை விசையையும் சேர்த்து அழுத்தும் காம்போ ஒன்று போதும். இது பிடிக்காவிட்டால் லில்லி58 என்ற சற்றே பெரிய பிளவு கீபோர்டை வாங்குங்கள். எண் வரிசையும், உட்பக்கத்தில் துண்டுக்கு ஒரு கூடுதல் விசையும் கிடைக்கும்.

இன்னொன்று: சிறிய கீபோர்டுக்குப் போகிறவர்கள் கன்ட்ரோல், ஆல்ட் போன்றவற்றை நடுவரிசை எழுத்துகளிலேயே வைப்பார்கள், தட்டினால் எழுத்து, அழுத்திப் பிடித்தால் கன்ட்ரோல். தமிழ்99இல் நடுவரிசையின் இடப்பக்கம் அ, இ, உ, மெய்யெழுத்துக்கான புள்ளி ஆகியவை வரிசையாக இருக்கின்றன. புள்ளி இல்லாமல் ஒரு வரிகூட ஓடாது. அந்த விரல் சற்றே தயங்கினாலும் புள்ளிக்குப் பதிலாகக் குறுக்குவழி ஒன்று இயங்கிவிடும். இத்தகைய கீபோர்டுகளில் பலரும் பயன்படுத்தும் கியூஎம்கே ஃபர்ம்வேரில், தட்டலையும் அழுத்திப் பிடித்தலையும் பிரிக்கும் கால எல்லை இயல்பாக 200 மில்லிவினாடி. அதைக் கூட்டலாம் என்றாலும், புள்ளி விசையில் இந்த ஏற்பாட்டையே வைக்காமலிருப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கோல்மாக்கை இப்போதைக்குத் தள்ளி வைக்கிறேன். கோர்னில் ஷிஃப்டை எங்கே வைப்பது என்பது மட்டும் தெளிவாகவில்லை. தொழில்நுட்பக் கட்டுரைகளில் ஸ, ஷ, ஜ அடிக்கடி வருகின்றன.

இரண்டாம் பதிலளித்தவர்

வலது கட்டைவிரலில் வையுங்கள். தமிழ்99இல் கிரந்த எழுத்துகள் ஷிஃப்டுடன் இடக்கை மேல்வரிசையில், ‘கியூ’ தொடங்கி வருவதால், எதிர்க் கையின் கட்டைவிரல் ஷிஃப்டைப் பார்த்துக்கொள்வது இயல்பாக இருக்கும். அதை ஒன்-ஷாட் ஷிஃப்டாக அமைத்தால் அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம். ஒருமுறை தட்டிவிட்டு ‘கியூ’வைத் தட்டினால் ‘ஸ’ வந்துவிடும்.