சாப்பிட்டு 30 நிமிடம் கழித்து: கொரியர்களுக்கு மாத்திரை போடத் தெரியாதா?

கடலோரன்: லாஸ் ஏஞ்சலஸ் கொரியர்கள் டாக்டரை விட்டுவிட்டு சர்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேச்சைத்தான் கேட்பார்கள், எந்த மாத்திரையையும் சாப்பிட்டு 30 நிமிடம் கழித்தே போடுவார்கள், படித்தும் அறியாமை என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். கொரியாடவுன் மருந்துக்கடையில் ஆறு வருடமாக நிற்கிறேன். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 30 நிமிடம் என்பது அவர்கள் ஊர் மருந்துக்கடையில் சொல்லி அனுப்பியது. ஒரு வேளைக்கான எல்லா மாத்திரையையும் ஒரே பொட்டலமாகப் போட்டுக் கொடுப்பார்கள்.

தெற்குச்சோழன்: எழுதியது நான்தான். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும். அதையும் 30 நிமிடம் கழித்துப் போட்டால் அறியாமை இல்லாமல் வேறென்ன?

கடலோரன்: அதை அவர்களுக்குப் புரியும் மொழியில் யார் சொன்னார்கள்? போன வாரம் ஒரு பாட்டி பையைக் கவிழ்த்தார். ஆறு டப்பா, எல்லாம் ஆங்கிலம். மூடிகளில் மகள் மார்க்கரால் கொரிய எழுத்தில் 'காலை', 'இரவு' என்று எழுதியிருந்தாள். மகள் வேலைக்குப் போனபின் சர்ச்சில் கேட்காமல் யாரைக் கேட்பார்? நோயாளி கேட்டால் மருந்துக்கடையே கொரிய மொழியில் குறிப்பு தர வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2016 முதல் சட்டமே இருக்கிறது. கேட்கலாம் என்பதே பாட்டிக்குத் தெரியவில்லை.

சியோல்மீனா: நான் சியோலில் ஒன்பது வருடம் இருந்தவள். 30 நிமிடம் பழைய கதை. சியோல் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை 2017லேயே 'சாப்பிட்டவுடன்' என்று மாற்றிவிட்டது.

கடலோரன்: அக்கா, இந்தப் பாட்டி 1980களில் விமானம் ஏறியவர். 2000 வரை அங்கே டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்துக்கடைக்காரர் மருந்து கலந்து கொடுப்பார். 30 நிமிடம் அப்போது மனதில் பதிந்தது.

தெற்குச்சோழன்: மறுபடி 30 நிமிடம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறவர், கொரியர்களின் வாட்ஸ்அப் மாதிரியான காகாவோ டாக்கில் யாரோ சொன்னார் என்று சிவப்பு ஜின்செங் வேர்ச் சாறு குடித்தால் மருந்தின் வேலை குறையலாம். அதற்கும் பழக்கம்தான் காரணமா?

கடலோரன்: ஜின்செங் குடிக்கிறீர்களா என்று எந்த டாக்டர் கேட்கிறார்? நான் கேட்கிறேன், சொல்கிறார்கள்.

சியோல்மீனா: ஒன்பது வருடம் அங்கே இருந்தவளுக்கே பாடமா?

கடலோரன்: அதை விடுங்கள் அக்கா. 30 நிமிடத்தை அறியாமை என்றவர் முதலில் அந்த வார்த்தையைத் திரும்பப் பெறட்டும்.

தெற்குச்சோழன்: பெற மாட்டேன்.