தொட்டிப் பஞ்சாயத்து

குழு: ராணிப்பேட்டை வீடு

சனிக்கிழமை

நான் (காலை 10:38): [படம்] [படம்]
இந்த நியூஜெர்சி வீட்டை வாங்கும்போதே இருந்த குளியல் தொட்டி. 1926இல் கட்டிய வீடு, தொட்டியும் அப்போதையது என்றார்கள். குழாய்க்கு நேர் கீழே செம்பட்டைக் கோடு, நடுவில் மங்கல். மூன்று வாரமாகத் தேய்க்கிறேன். அசையவில்லை. யாருக்காவது வழி தெரியுமா?

அம்மா: நான் பக்கத்து அறையில்தான் இருக்கிறேன். என்னைக் கேட்டால் ஆகாதா?

நான்: கேட்டேனே அம்மா. ஆசிட் ஊற்று என்றாய்.

அம்மா: நம் வீட்டில் 30 வருஷமாக ஆசிட்தான். இல்லையென்றால் புளியும் செங்கல் பொடியும் போடு. குத்துவிளக்கே பளபளக்கிறது.

அத்தை: குத்துவிளக்கு பித்தளை, அண்ணி 😄 இவரை எழுப்புகிறேன். சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் தூங்குகிறார்.

மாமா (காலை 10:51): யாரும் எதையும் ஊற்ற வேண்டாம். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் இருக்கிறதா? தொட்டியில் வைத்துப் பார்.

நான்: ஒட்டுகிறது மாமா. சமையலறை சிங்க்கிலும் ஒட்டுகிறது.

மாமா: அப்படியென்றால் இரண்டிலும் உள்ளே இரும்பு, மேலே எனாமல். நான் 22 வருஷம் பீங்கான் கம்பெனியின் கிளேஸ் (பளபளப்புப் பூச்சு) பிரிவில் பார்த்தது முழுப் பீங்கான், அது வேறு சாதி. ஆனால் மேல்தோல் இரண்டிலும் கண்ணாடிதான். கண்ணாடிப் பொடியைப் பழுக்கக் காய்ந்த இரும்பின்மேல் தூவி உருக்குவார்கள். அதனால் கண்ணாடியைத் தேய்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு தேய்க்க வேண்டும். செங்கல் பொடி, கம்பி நார், கரகரப்பான பவுடர் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும். அழுக்கு அதற்குள் போய் உட்காரும். நீ இன்னும் அழுத்தித் தேய்ப்பாய். கீறல் இன்னும் கூடும்.

தம்பி: மாமா ஃபுல் ஃபார்மில் இருக்கிறார் 🔥

மாமா: இப்போது ஒரு பென்சில் எடு. தொட்டியின் விளிம்பில் ஒரு கோடு, நடுவில் மங்கிய இடத்தில் ஒரு கோடு. ஈரத் துணியால் இரண்டையும் துடை.

நான் (காலை 11:09): விளிம்பில் போய்விட்டது. நடுவில் அப்படியே நிற்கிறது!

மாமா: அங்கே பளபளப்புத் தோலை அமிலம் தின்றுவிட்டது. அது அழுக்கு இல்லை, எத்தனை வாரம் தேய்த்தாலும் போகாது. அந்தக் காலத்து எனாமல் பலதும் அமிலம் தாங்காது. எலுமிச்சை, வினிகர் ஊறினால்கூட மங்கும். யார் என்ன ஊற்றினீர்கள்?

நான்: போன வருஷம் இவர் டாய்லெட் கிளீனரை ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டார்.

அம்மா: மாப்பிள்ளை ஊற்றினால் தப்பில்லை. நான் வாயால் சொன்னாலே குற்றம்.

மாமா: அக்கா, மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அம்மா: சரி தம்பி, முதலில் பிளீச்சிங் பவுடர், அப்புறம் கொஞ்சமே கொஞ்சம் ஆசிட்?

மாமா பொண்ணு: ஐயோ அத்தை! இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. அந்தச் சின்ன பாத்ரூமில் மூச்சு முட்டிவிடும். தொட்டிக்கு மட்டுமில்லை, எங்கேயும் வேண்டாம்.

நான்: செம்பட்டைக் கோட்டுக்கு என்ன செய்வது மாமா?

மாமா: முதலில் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்து, மெத்தென்ற துணியால் வட்டமாகத் தேய். மிச்சம் இருந்தால் அங்கே ஆக்சாலிக் அமிலம் கலந்த பவுடர் கிடைக்கும். துருவுக்கு அதுதான். அதுவும் அமிலம்தான், மறக்காதே. கையுறை போடு, கோட்டின்மேல் மட்டும் தடவு, ஒரு நிமிடத்துக்குள் கழுவிவிடு. ஊறவைக்கும் பேச்சே இல்லை. ஆனால் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தால் கோடு திரும்ப வரும். வாஷரை மாற்று.

நான்: சரி மாமா. சிங்க் படமும் பாருங்கள். முழுக்கச் சாம்பல் நிறக் கீறல்.

மாமா: கீறலாக இருக்காது. அக்கா அலுமினியக் குண்டானை இழுத்து இழுத்துக் கழுவுகிறாள் என்று நினைக்கிறேன். அலுமினியம் எனாமலைவிட மெத்து. சாக்பீஸ் பலகையில் எழுதுவதுபோல அதுதான் தேய்ந்து ஒட்டும். சோடாவுக்கே போகும்.

நான் (மதியம் 12:20): போகிறது!! ஆனால் மாமா, ஓரமெல்லாம் ரத்தச் சிவப்பாகிவிட்டது. என்ன ஆயிற்று? 😨 சோடாவோடு சோப்பும் போட்டேன்.

அத்தை: ஆரத்தி எப்படிக் கரைக்கிறோம் கண்ணு? மஞ்சளில் சுண்ணாம்பு. சோப்பும் அதே வேலையைத்தான் செய்யும். உன் சிங்க்கில் சாம்பார் மஞ்சள் இருந்திருக்கும். கழுவிவிடு, பயப்படாதே.

தம்பி: சிங்க்குக்குத் திருஷ்டி கழிந்தது 🙏

தம்பி: எதற்கு இவ்வளவு பாடு? தொட்டிக்குப் புதிதாக எனாமல் ஸ்பிரே அடித்துத் தருகிறார்களே.

மாமா: அது எனாமல் இல்லை, பெயின்ட். உண்மையான எனாமலுக்கு உலை வேண்டும். பாத்ரூமுக்குள் உலை வைக்க முடியாது. சில வருஷம் பளபளக்கும், அப்புறம் உரியும். உரிந்ததைச் சுரண்டுவது பெரிய தொல்லை.

மாமா பொண்ணு: தொல்லை மட்டுமில்லை. தொட்டியில் பூச்சை உரிக்க மெத்திலீன் குளோரைடு பயன்படுத்தி, 2000 முதல் 2011 வரை அமெரிக்காவில் 13 தொழிலாளர்கள் இறந்ததாக அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் பதிவு செய்திருக்கிறது. ஆவி காற்றைவிடக் கனம், தொட்டிக்குள்ளேயே தங்கும். குனிந்து வேலை செய்பவர் அதைத்தான் சுவாசிப்பார். இன்னொன்று, பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். உப்புத்தாள் போடவே கூடாது. குட்டி அதில் குளிக்கிறானா?

நான்: வாரம் இரண்டு நாள்.

மாமா பொண்ணு: ஈயச் சோதனை செய்யும்வரை வாளியில் குளிக்கட்டும்.

அம்மா: அதைத்தான் நான் வந்த நாளிலிருந்து சொல்கிறேன். வாளி, சொம்பு, முடிந்தது.

மாமா: அக்கா சொல்வது சரிதான் 😀 இந்த மாதிரித் தொட்டி எப்படி வந்தது தெரியுமா? 1883இல் விஸ்கான்சினில் கோலர் என்பவர், குதிரைக்குத் தண்ணீர் காட்டவும் பன்றியை வெந்நீரில் முக்கவும் வைத்திருந்த வார்ப்புத் தொட்டியில் எனாமல் பூசி, நான்கு கால் வைத்து விற்றார். அவர் கம்பெனியே பெருமையாகச் சொல்லும் கதை.

அம்மா: பன்றித் தொட்டியா! நேற்று எண்ணெய் தேய்த்து அதில்தானே உட்கார்ந்தேன்?

மாமா: அக்கா, இன்னொன்று. கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியைச் சிங்க்கில் வடிக்காதே. குளிரில் கிடக்கும் எனாமல் திடீர்ச் சூட்டில் மயிரிழை மயிரிழையாக விரிசல் விடும். முதலில் குழாயைத் திறந்துவிடு.

அம்மா: குக்கர் சோறு எனக்கு இறங்காது. ஏனத்தில் வடித்து ஆறவைத்து ஊற்றுகிறேன், போதுமா?

மாமா: போதும் அக்கா.

நான் (மாலை 5:45): [படம்]
கோடு முக்கால்வாசி போய்விட்டது. மங்கலை இனிமேல் தொடப்போவதில்லை.

மாமா (இரவு 9:30): விடிந்ததும் பார்த்தேன். நல்லா வந்திருக்கிறது. ஆனால் படத்தில் குழாய் நுனியில் ஒரு சொட்டு தொங்குகிறதே?

நான்: இவர் நாளைக்கு வாஷர் வாங்கி வருகிறாராம்.

அம்மா: போன சனிக்கிழமையும் நாளைக்கு என்றுதான் சொன்னார்.